முகம் மாறிய பிரவுசர்: பழைய பதிப்புக்குத் திரும்பலாமா?

கேள்வி: ஹட்டனில் சின்னதாக ஒரு கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, பிரிண்ட், ஒன்லைன் விண்ணப்பம், பரீட்சைப் பெறுபேறு பார்த்துக் கொடுப்பது எல்லாம் செய்கிறோம். கடையில் மூன்று கம்ப்யூட்டர்கள். இரண்டில் குரோமும் பயர்பாக்ஸும் அப்டேட் ஆகி முகமே மாறிவிட்டது. டேப் எல்லாம் உருண்டையாக, தடிப்பாக இருக்கிறது. மெனுவில் இருந்தவை இடம் மாறிவிட்டன. எனக்கு உதவியாக இருக்கும் அக்கா ஒரு பிரிண்ட் எடுப்பதற்குள் வரிசை வாசலுக்குப் போய்விடுகிறது. விண்டோஸ் 7 உள்ள பழைய மெஷினில் மட்டும் குரோம் முன்பு போலவே இருக்கிறது. மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள்கூட அதில்தான் உட்காரக் கேட்கிறார்கள். தெரிந்த தம்பி ஒருவர், மற்ற இரண்டிலும் பழைய பதிப்பைப் போட்டு அப்டேட்டை நிறுத்தித் தருகிறேன் என்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். தம்பியின் உதவி மனதுக்கு நன்றி சொல்லுங்கள், ஆனால் அப்டேட்டில் கை வைக்க விடாதீர்கள். அதேநேரம், உங்கள் கடையில் நடக்கிற தடுமாற்றம் பொய்யில்லை. "கொஞ்ச நாளில் பழகிவிடும்" என்று சொல்லித் தள்ளிவிடக்கூடிய விஷயமும் இல்லை. அந்த அக்கா மெதுவானவர் ஆகிவிடவில்லை, அவர் கற்று வைத்திருந்ததை ஒரே இரவில் மாற்றிவிட்டார்கள்.

கொழுந்து பறிக்கிற கையைப் பாருங்கள். கண் அடுத்த செடிக்குப் போயிருக்கும், கை தன் பாட்டில் வேலை செய்யும். வருடக்கணக்கில் ஒரே பிரவுசரில் வேலை செய்தவரின் கையும் அப்படித்தான். மேலே வலது மூலை, கீழே ஐந்தாவது வரி என்று அது இடத்தை வைத்து நடக்கிறது, எழுத்தை வாசித்து நடப்பதில்லை. நம் பக்கத்தில் இது இன்னும் கூடுதல். மெனு ஆங்கிலத்தில் இருக்கும்போது இடத்தையும் சின்னப் படத்தையும் அடையாளம் வைத்துத்தான் பலர் வேலை பார்க்கிறார்கள். 2021 ஜூனில் பயர்பாக்ஸ் 89 வந்தபோது மெனு வரிகளுக்குப் பக்கத்தில் இருந்த படங்களில் பெரும்பாலானவற்றை எடுத்துவிட்டார்கள். சுத்தமாகத் தெரிய வேண்டும் என்பது நோக்கம். ஆங்கிலம் ஓட்டமாக வாசிப்பவருக்கு அது வெறும் அழகுப் பிரச்சினை. படத்தைப் பார்த்து அழுத்தியவருக்கு வழியே போய்விட்டது. குரோம் 2023இல் தன் முகத்தை மாற்றியபோது நேர்மாறாக மெனுவில் படங்களைச் சேர்த்தது. ஆகவே முகம் மாறினாலே கெடுதல் என்று இல்லை. எதை எடுத்தார்கள், எதைச் சேர்த்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

சரி, அப்புறம் ஏன் பழையதற்குப் போகக்கூடாது? புது முகமும் பாதுகாப்புத் திருத்தமும் ஒரே அப்டேட்டில் சேர்ந்து வருகின்றன. ஒன்றை மட்டும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. குரோம், பயர்பாக்ஸ் இரண்டும் ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வெளியிட்டு வந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் எந்தெந்த ஓட்டைகளை அடைத்தோம் என்ற பட்டியலும் வெளியாகும். அந்தப் பட்டியலைத் திருடரும் வாசிக்கிறார். பழைய பதிப்பில் நின்றுவிட்டவரின் ஓட்டை எங்கே இருக்கிறது என்று அவருக்கு விலாசம் போட்டுக் கொடுத்த மாதிரி. உங்கள் கடையில் மக்கள் எதைத் தட்டுகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள்: அடையாள அட்டை இலக்கம், கடவுச்சீட்டு விபரம், வெளிநாட்டு வேலைக்கான விண்ணப்பம், வங்கிப் பாஸ்வேர்ட். உங்களை நம்பித்தான் அதைச் செய்கிறார்கள்.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. புதிய பயர்பாக்ஸ் பயன்படுத்திய விபரக் கோப்பைப் பழைய பயர்பாக்ஸ் சாதாரணமாகத் திறக்காது. 2019இல் வந்த 67ஆம் பதிப்பிலிருந்து இப்படி ஒரு தடுப்பு இருக்கிறது. வெறும் பயர்பாக்ஸ் ஒன்று திறந்து, புக்மார்க், பாஸ்வேர்ட் எல்லாம் காணாமல் போனது போலத் தெரியும். பெறுபேறு வெளியாகிற நாளில் அது நடந்தால் கடையை மூட வேண்டியதுதான்.

பழைய முகத்தைத் திருப்பிக் கொண்டுவரும் குறுக்கு வழிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், தம்பி அடுத்து அதைத்தான் சொல்வார். 2014 ஏப்ரலில் பயர்பாக்ஸ் 29 வளைந்த டேப்களோடு வந்தபோது பெரிய எதிர்ப்பு. கிளாசிக் தீம் ரெஸ்டோரர் என்ற எக்ஸ்டென்ஷனை, அதாவது பிரவுசரோடு சேர்க்கிற சின்ன மென்பொருளைப் போட்டுப் பலர் பழைய தோற்றத்தை மீட்டுக்கொண்டார்கள். மூன்று வருடம் நன்றாகத்தான் ஓடியது. 2017 நவம்பரில் 57ஆம் பதிப்பு வந்து பழைய வகை எக்ஸ்டென்ஷன்கள் எல்லாம் ஒரே நாளில் செயலிழந்தன. மெதுவாகப் பழகியிருக்க வேண்டிய மாற்றம் அவர்களுக்கு மொத்தமாக வந்து விழுந்தது. 2021இலும் பழைய முகத்தைத் தருகிற மறைவான சுவிட்ச் ஒன்று 89இல் இருந்தது; 91ஆம் பதிப்பில் அது வேலை செய்யவில்லை. குரோமின் சோதனைப் பக்கத்தில் இருந்த இதே மாதிரியான சுவிட்சும் பின்னர் எடுக்கப்பட்டது. நிலைக்காத ஒன்றின்மேல் கடையின் அன்றாட வேலையைக் கட்டாதீர்கள். அதோடு, "பழைய தோற்றம் தருகிறேன்" என்று சொல்லி வருகிற முகம் தெரியாத எக்ஸ்டென்ஷன்களில் சில நீங்கள் திறக்கிற பக்கம் எல்லாவற்றையும் வாசிக்க அனுமதி கேட்கும். கடை மெஷினில் அவை கூடவே கூடாது.

இனி செய்யக்கூடியவை. அக்காவுக்கு முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டியது கண்ட்ரோல் (Ctrl) விசையும் பி (P) விசையும் சேர்த்து அழுத்துவது. பிரிண்ட் வந்துவிடும். எத்தனை முறை முகம் மாறினாலும் இந்த விசைகள் மாறவில்லை. கண்ட்ரோலோடு டி (T) புதிய டேப், ஜே (J) இறக்கிய கோப்புகள், கூட்டல் குறி எழுத்தைப் பெரிதாக்க. தவறி மூடிய டேப்பைத் திரும்ப எடுக்க கண்ட்ரோல், ஷிப்ட், டி (T) மூன்றும். விண்ணப்பம் பாதி நிரப்பியபோது டேப்பை மூடிவிட்டு முழிக்கிறவர்களுக்கு இந்தக் கடைசி ஒன்று நிம்மதி தரும், ஆனால் நிரப்பியது அப்படியே இருக்கும் என்று நம்பிவிடக்கூடாது. இந்த ஐந்தையும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி மொனிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

பயர்பாக்ஸில் மேல் பட்டையின் வெற்று இடத்தில் வலது கிளிக் செய்தால் பழைய மெனுப் பட்டையை நிரந்தரமாக வைக்கலாம். அதே இடத்தில் கருவிப்பட்டையை மாற்றியமைக்கும் வசதியும் இருக்கிறது. அங்கிருந்து பிரிண்டர் படத்தை இழுத்து மேலே விட்டால் ஒரு கிளிக்கில் வேலை முடிந்தது. குரோமில் கண்ட்ரோல், ஷிப்ட், பி (இது B) மூன்றையும் அழுத்தினால் புக்மார்க் பட்டை வரும். அடிக்கடி போகிற பரீட்சைத் திணைக்களப் பக்கம், விண்ணப்பப் பக்கங்களை அதில் வரிசையாக வைத்துவிடுங்கள். எல்லா மெஷினிலும் ஒரே வரிசை இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். இரண்டு பிரவுசரையும் தமிழ் இடைமுகத்துக்கு மாற்றலாம். பயர்பாக்ஸின் தமிழாக்கம் தன்னார்வலர்களின் உழைப்பு. முகம் மாறுகிறபோது புதிதாக வந்த சில வரிகள் மொழிபெயர்க்கப்படும் வரை ஆங்கிலத்தில் நிற்கும். அதனால் அக்காவையும் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

அப்டேட்டை நிறுத்தக்கூடாது என்றேன், நேரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பெரும்பாலும் அப்டேட் பின்னணியில் இறங்கி, பிரவுசரை மூடித் திறக்கும்போதுதான் பொருந்தும். ஒவ்வொரு நாளும் கடை மூடுகிற நேரத்தில் மூடித் திறந்து பாருங்கள். மாற்றம் இருந்தால் ஆறுதலாகப் பார்க்க அப்போது நேரம் இருக்கும். காலையில் வரிசைக்கு முன்னால் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். அடிக்கடி முகம் மாறுவதே பிடிக்கவில்லை என்றால் பயர்பாக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு (ESR) மாறுங்கள். பெரிய மாற்றம் ஏறக்குறைய வருடத்துக்கு ஒருமுறைதான், பாதுகாப்புத் திருத்தம் மட்டும் தவறாமல் வரும். 2021இல் அதில் இருந்தவர்களுக்குப் புது முகம் மாதக்கணக்கில் தாமதமாகவே வந்தது. என் கணக்கில் உங்கள் மாதிரிக் கடைகளுக்கு இதுவே சரியான இடம். மாறுவதற்கு முன் புக்மார்க்குகளைக் கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இதுவும் பழைய பதிப்புக்குப் போவது போலத்தான் கணக்கெடுக்கப்படும்.

கடைக்காரர் என்ற முறையில் நீங்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. முகம் மாறுகிறபோது எல்லார் கண்ணும் டேப்பின் வளைவில் இருக்கும், வேறு ஏதாவது சத்தமில்லாமல் மாறியிருக்கும். 2018 செப்டெம்பரில் குரோம் தன் பத்தாவது பிறந்தநாளுக்குப் புது முகத்தோடு 69ஆம் பதிப்பை வெளியிட்டது. ஒருவர் ஜிமெயிலுக்குள் போனால் குரோமும் அவர் கணக்கில் தானாக உள்நுழையும் என்ற மாற்றமும் அதில் இருந்தது. எதிர்ப்பு வந்ததும் அடுத்த பதிப்பிலேயே அதை நிறுத்தும் சுவிட்ச் கொடுத்தார்கள். பலர் வந்து போகிற கடையில் இது சின்ன விஷயமல்ல. தானாக உள்நுழைவதை அமைப்புகளில் அணைத்துவிடுங்கள். வாடிக்கையாளர் உட்காரும்போது குரோமில் விருந்தினர் (Guest) ஜன்னலைத் திறந்து கொடுங்கள். மூடியதும் அவர் பார்த்த பக்கங்களும் உள்நுழைவும் அழிந்துவிடும். இறக்கிய கோப்புகள் மட்டும் மெஷினிலேயே இருக்கும், அவற்றை நீங்கள்தான் அழிக்க வேண்டும்.

"உங்கள் பிரவுசர் பழையது, இங்கே கிளிக் செய்யுங்கள்" என்று ஏதாவது ஒரு பக்கத்தில் வந்தால் தொடவே வேண்டாம். உண்மையான நிலையை மெனுவில் உதவி, அதற்குள் பிரவுசரைப் பற்றி என்ற இடத்தில் பார்க்கலாம்.

எல்லாரும் கேட்கிற அந்த விண்டோஸ் 7 மெஷினுக்கு வருகிறேன். அதில் குரோம் மாறாமல் இருப்பதற்குக் காரணம், அந்த விண்டோஸுக்கு 2023 ஜனவரியில் வந்த 109ஆம் பதிப்போடு குரோம் நின்றுவிட்டது. புது முகம் அதற்குப் பிறகு வந்தது. திருத்தங்களும் அதற்குப் பிறகு வந்தவைதான், ஒன்றும் அந்த மெஷினுக்குப் போய்ச் சேரவில்லை. மைக்ரோசொப்ட் அந்த விண்டோஸுக்கான பொது ஆதரவை 2020 ஜனவரி 14இலேயே முடித்துவிட்டது. பிள்ளைகளுக்குப் பிடித்த மெஷின்தான் உங்கள் கடையில் ஆபத்தானது. டைப் அடிக்க, பிரிண்ட் எடுக்க, ஸ்கேன் பண்ண மட்டும் அதை வைத்திருங்கள். பாஸ்வேர்ட் கேட்கிற எந்தப் பக்கத்தையும் அதில் திறக்க விடாதீர்கள். முடிந்தால் இணைய இணைப்பையே எடுத்துவிடுங்கள். விண்டோஸ் 7க்கு பயர்பாக்ஸ் 115 நீண்டகாலப் பதிப்பை, பயர்பாக்ஸை உருவாக்கும் மொஸில்லா வழமையான காலத்தைத் தாண்டி நீட்டித்து வந்தது உண்மை, ஆனாலும் விண்டோஸே திருத்தம் இல்லாமல் நிற்கும்போது வங்கிக் கணக்கை அதில் திறக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

கடைசியாக, உங்கள் கோபத்தை உரிய இடத்துக்கு அனுப்புங்கள். முறைப்பாடு பலன் தந்திருக்கிறது. 2021இல் அப்பிள், ஐபோனின் பிரவுசரான சபாரியின் முகவரிப் பட்டையைக் கீழே கொண்டுபோனபோது சோதனைப் பதிப்பைப் பயன்படுத்தியவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். செப்டெம்பரில் வெளிவருவதற்குள் வடிவத்தைத் திருத்தி, பட்டையை மேலேயே வைத்துக்கொள்ளும் தெரிவையும் கொடுத்தார்கள். பயர்பாக்ஸ் 89இல் எடுத்துவிட நினைத்த, மேல் பட்டைகளை ஒடுக்கிக் காட்டும் நெருக்கமான அமைப்பு, பயனர்கள் பேசியதால் முழுதாகப் போகாமல் தப்பியது. சின்னத் திரையில் இடம் குறைகிறது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று.

குரோமிலும் பயர்பாக்ஸிலும் உதவி மெனுவுக்குள் கருத்து அனுப்ப வழி இருக்கிறது. "மோசம், பழையதைத் தா" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. பதிப்பு இலக்கம், திரையின் அளவு, எந்த வேலை, முன்பு எத்தனை கிளிக், இப்போது எத்தனை, மெனுவை வாசிக்காமல் படம் பார்த்து வேலை செய்கிறவர் எந்த இடத்தில் நின்றுவிடுகிறார், இவ்வளவும் எழுதுங்கள். இங்கிலீஷில் எழுத கடைக்கு வரும் உயர்தரப் பிள்ளை ஒருவரின் உதவியைக் கேட்கலாம். திரையின் படம் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன் அந்தப் படத்தில் வாடிக்கையாளர் யாருடைய பெயரோ அடையாள அட்டை இலக்கமோ இல்லையென்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.