சென்னைப் பல்கலைக்கழகம் என்றாலே துணைவேந்தர் பிரச்சினை, பணப் பிரச்சினைதானா? முன்பும் செய்திகள் இப்படித்தானா?

இல்லை. முன்பு செய்தியில் அந்தப் பெயர் வந்தாலே ரிசல்ட்தான். பழைய வண்ணாரப்பேட்டையில் பி.யு.சி. (பல்கலைக்கழகமே தேர்வு நடத்திய புகுமுக வகுப்பு) காலத்துப் பெரியவர்களைக் கேளுங்கள். டீக்கடைப் பேப்பரில் பொடி எழுத்தில் வெறும் நம்பர்கள். நம்பர் இருந்தால் பாஸ். இல்லையென்றால், அச்சுப்பிழையாக இருக்குமோ என்று இன்னொரு பேப்பர் வாங்கிப் பார்ப்பார்கள்.

பிளஸ் டூ வந்ததும் பி.யு.சி. போனது. 1857-இல் தொடங்கிய பல்கலைக்கழகமும் மெல்லச் சுருங்கியது. 1978-இல் அண்ணா பல்கலைக்கழகம் வந்தது. மருத்துவம், சட்டம் எல்லாம் பிற்பாடு தனித்தனிப் பல்கலைக்கழகங்களுக்குப் போயின. ராயபுரம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி பற்றி இன்று என்ன செய்தி வந்தாலும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெயர் அதில் இருக்காது.

மிஞ்சியது நிர்வாகச் செய்தி. 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்தவரைத் தேடும் குழுவில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) பிரதிநிதி வேண்டுமா என்று ஆளுநருக்கும் அரசுக்கும் இழுபறி. 2024 பிப்ரவரியில் வருமான வரித்துறை வங்கிக் கணக்குகளை முடக்கியது. டிவி விவாதத்துக்கு இதைவிடத் தோதான சரக்கு கிடைக்குமா? இரண்டு கட்சிக்காரர்களை உட்கார வைத்தால் ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

அந்த விவாதங்களில் இணைப்புக் கல்லூரிகள் வருவதே இல்லை. இதுதான் என் வருத்தம். வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரி, வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரி மாணவர்களுக்குப் பட்டம் தருவது இதே பல்கலைக்கழகம்தான். பஸ்ஸில் தகராறு என்றால் மட்டும் அவர்களுக்குச் செய்தியில் இடம் கிடைக்கிறது.