‘சென்சரி கிட்’ வாங்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு மூன்றரை வயது. பிறவியிலேயே பார்வை இல்லை, வெளிச்சம்கூடத் தெரியாது. ‘சென்சரி கிட்’ என்று, புலன்களைத் தூண்டும் விளையாட்டுச் சாமான்கள் அடங்கிய ஒரு பெட்டியை ஆன்லைனில் 4,800 ரூபாய்க்குப் பார்த்தேன். பிளாஸ்டிக் பழங்கள், மிருகங்கள், மினுமினுக்கும் பாட்டில்கள், லைட் எரியும் பந்து, வாட்டர் பீட்ஸ் (தண்ணீரில் ஊறினால் பெரிதாகும் குட்டி ஜெல் மணிகள்), கலர் மாவு எல்லாம் உண்டாம். வாங்கலாமா?
– ஒரு வாசகி, தாராபுரம்

பதில்: வேண்டாம் அம்மா. பாட்டிலும் பந்தும் பார்க்கிற பிள்ளைகளுக்கானவை. உங்கள் மகளுக்கு அவற்றில் ஒன்றுமில்லை. வாட்டர் பீட்ஸ் ஆபத்தே. விழுங்கினால் குடலுக்குள் தண்ணீரை இழுத்து ஊதிப் பெருகும், அடைத்துக்கொள்ளும். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. பார்வையில்லாத பிள்ளைகள் எதையும் வாயில் வைத்துப் பார்ப்பது கொஞ்சம் அதிக காலம் நீடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிளாஸ்டிக் பழங்களைக் கண்ணை மூடிக்கொண்டு நீங்களே தொட்டுப் பாருங்கள். மாம்பழமும் ஆப்பிளும் ஒரே வழுவழுப்பு, வாசனையும் கிடையாது. வெண்டைக்காயின் சுணையும் பாகற்காயின் முரட்டுத் தோலும் பூண்டு உரிக்கும்போது வரும் சலசலப்பும் எந்தக் கிட்டிலும் வராது. காய்கறிப் பையை அவள் முன்னால் பிரியுங்கள், அது போதும்.

விளையாட விளிம்பு உயர்ந்த எவர்சில்வர் தாம்பாளம் ஒன்றை எடுத்து வையுங்கள். தரையில் உருண்டு போன பொருள் அவளைப் பொறுத்தவரை காணாமலே போய்விடுகிறது. தாம்பாளத்தில் இருந்தால் கை துழாவினால் கிடைக்கும், டங் என்று சத்தமும் கேட்கும். அரிசியில் தொடங்கி, அப்புறம் சப்பாத்தி மாவுக்குப் போகலாம். ஈரப் பிசுபிசுப்பைச் சில பிள்ளைகளுக்கு ஆரம்பத்தில் பிடிக்காது. கையைப் பிடித்து மாவுக்குள் அமுக்காதீர்கள். உங்கள் கை கீழே, அவள் கை உங்கள் கைமேல் இருக்கட்டும். வேண்டாமென்றால் இழுத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தால்தான் அடுத்த முறை அவளாகவே கையை நீட்டுவாள்.

காசு செலவழிக்க ஆசையென்றால் ஹார்டுவேர் கடையில் ஜன்னலுக்கு அடிக்கும் கொசுவலை ஒரு துண்டு வாங்குங்கள். கெட்டி அட்டையில் இழுத்து ஒட்டி, முனைகளை டேப்பால் மூடுங்கள். அதன்மேல் பேப்பர் வைத்துக் கிரேயானால் அழுத்திக் கிறுக்கினால் கோடு நறநறவென்று விரலுக்குத் தட்டுப்படும். தான் வரைந்ததை அவளே தடவிப் பார்க்கலாம். பல்லாங்குழியும் அருமையான சாமான்தான், பதினான்கு குழியும் கையாலேயே எண்ணுகிற ஆட்டம். ஆனால் புளியங்கொட்டையை வாயில் போடுகிற வயது தாண்டட்டும்.

கிலுகிலுப்பையோ பாட்டுப் பொம்மையோ கடையில் வாங்கினால் ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள். 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் இது கட்டாயம். முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘பிஐஎஸ் கேர்’ ஆப்பில் போட்டால் உண்மையா போலியா தெரிந்துவிடும். பேட்டரி மூடி திருகாணி போட்டதாக இருக்க வேண்டும். பட்டன் பேட்டரியை விழுங்கினால் உணவுக்குழாய் வெந்துவிடும். பணம் கட்டி ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: பார்வையற்ற என் மகன் ஒன்றாம் வகுப்பு, தமிழ் மீடியம். பிரெய்ல் லெகோ வாங்கி அனுப்பட்டுமா என்று வெளிநாட்டிலிருக்கும் என் தம்பி கேட்கிறான்.
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: நல்ல சாமான். ஒன்றோடொன்று பொருத்தி விளையாடும் லெகோ பிளாஸ்டிக் கட்டைகளில், விரலால் தடவிப் படிக்கும் ஆறு புள்ளி பிரெய்ல் எழுத்தைக் கொண்டுவந்திருக்கிறார்கள். 2023இல் கடைக்கு வந்தது. ஆங்கிலப் பெட்டியில் 287 கட்டைகள். மேலே உள்ள குமிழ்களே பிரெய்ல் எழுத்து. அதே எழுத்து அச்சிலும் இருப்பதால் பார்வையுள்ள அக்காவோ தம்பியோ கூட உட்கார்ந்து ஆடலாம். தமிழ் பிரெய்லுக்கும் அதே ஆறு புள்ளிதான், ஆனால் ‘ழ’வை இந்தக் கட்டைகளில் தேடினால் கிடைக்காது. ஆகவே ஆங்கிலத்துக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழுக்கு முட்டை அட்டையில் நீளவாக்கில் மூன்று, அகலவாக்கில் இரண்டு என்று ஆறு குழி வெட்டிக்கொள்ளுங்கள். இடது மேல் குழியில் மட்டும் ஒரு டேபிள் டென்னிஸ் பந்து வைத்தால் ‘அ’. பிரெய்ல் சிலேட்டும் எழுத்தாணியும் வாங்கும் முன், அரசுத் திட்டத்தில் கிடைக்குமா என்று பள்ளியின் சிறப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.