போர் ஏன் வருதுன்னு தீசிஸ் எழுதினா பரிசா? (வாசகர் கேள்வி பதில்)

கே: இளம் விஞ்ஞானி விருது தெரியும். போர், அணு ஆயுதம்னு ஆராய்ச்சி பண்ற சின்னப் பசங்களுக்கும் பரிசு இருக்காமே, நிஜமா? (தஞ்சாவூர் வாசகர்)

நிஜம்தான் சார், ஒண்ணு ரெண்டு இல்ல, நிறைய. அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்துல சர்வதேசப் பாதுகாப்புக்குன்னு ஒரு பிரிவு இருக்கு, அவங்க நல்ல பிஎச்டி தீசிஸுக்கு கென்னத் வால்ட்ஸ் பேர்ல பரிசு தர்றாங்க. பேர் பொருத்தம் பிரமாதம், ஏன்னா இந்த அமெரிக்க அரசியல் அறிஞர் வால்ட்ஸ் 1954ல கொலம்பியா யுனிவர்சிட்டில முடிச்ச தீசிஸ்தான் 1959ல புக்கா வந்துச்சு, போருக்குக் காரணம் மனுஷனோட குணமா, நாட்டோட அமைப்பா, இல்ல நாடுகளுக்கு மேல தட்டிக் கேக்க ஆள் இல்லாததான்னு அதுல பிரிச்சுப் பிரிச்சு பாத்திருப்பார், இன்னைக்கும் இந்த சப்ஜெக்ட் எடுக்கற பசங்க அதைப் படிக்காம தப்பிக்க முடியாது.

கே: 'இளம்'னா எத்தனை வயசு? (சேலம் வாசகி)

அங்கதாம்மா சிக்கலே. ஐஎஸ்ஏன்னு சொல்ற சர்வதேச ஆய்வுகள் சங்கம் தர்ற கார்ல் டாய்ச் விருதுக்கு நாப்பது வயசுக்குள்ள இருக்கணும், இல்லன்னா பிஎச்டி முடிச்சு பத்து வருஷத்துக்குள்ள இருக்கணும். அந்த ரெண்டாவது வழிதான் என்னைக் கேட்டா நியாயம், புள்ளைங்களைப் பெத்து வளர்த்துட்டு லேட்டா படிக்க வந்தவங்க, வேற வேலை பாத்துட்டு வந்தவங்கன்னு எத்தனை பேர் இருக்காங்க. நம்ம வரலாற்று ஆய்வாளர் ஸ்ரீநாத் ராகவனையே எடுத்துக்கோங்க, மிலிட்டரில ஆபீசரா இருந்துட்டு அப்புறம் லண்டன் கிங்ஸ் காலேஜ்ல பிஎச்டி பண்ணவர். வயசை மட்டும் பாத்தா இவரை மாதிரி ஆளுங்களுக்கு அந்த சர்வீஸ் வருஷமெல்லாம் மைனஸ்தானே?

கே: லட்சக்கணக்குல கொடுப்பாங்களா? (மதுரை வாசகர்)

அந்த ஆசையே வேணாம். தீசிஸ் பரிசுல பல சமயம் ஒரு சர்டிபிகேட்டும் சின்னதா ஒரு செக்கும்தான். ஆனா விஷயம் காசுல இல்ல, டைமிங்ல இருக்கு. அஞ்சாறு வருஷம் ஆர்க்கைவ்ல (பழைய ஆவணக் காப்பகத்துல) தூசி தின்னு எழுதின தீசிஸை கைடும் கமிட்டியும் படிப்பாங்க, அதோட அது லைப்ரரிக்குப் போய்டும், அதே வருஷம்தான் பையன் வேலைக்கு அப்ளை பண்ணிட்டு இருப்பான். அந்த நேரத்துல முன்பின் தெரியாத சீனியர் ஆளுங்க நாலு பேர் முழுசா படிச்சு இதுதான் பெஸ்ட்னு சொன்னா இன்டர்வியூ கார்டு வருது, யுனிவர்சிட்டி பிரஸ் எடிட்டர் மெயிலுக்கு பதில் போடறார். இதே பரிசை அம்பது வயசுல கொடுத்தா மாலை மரியாதை, அவ்ளோதான்.

கெடுதலும் இருக்கு, மறைக்க வேணாம். ஜட்ஜுங்களுக்கு எது 'பாதுகாப்பு'ன்னு படுதோ அதைத்தான் பசங்களும் எழுதுவாங்க. வல்லரசு, ஏவுகணைன்னா எல்லாரும் நிமிர்ந்து உக்காருவாங்க, அகதி முகாம், தண்ணிச் சண்டைன்னா "இது எங்க ஏரியாவா?"ன்னு கேக்கற ஆளு இன்னும் இருக்கான். அதனால பரிசுத் தொகையைக் கூட்டறதைவிட ஜட்ஜுங்களை அப்பப்ப மாத்தறது முக்கியம்னு நான் சொல்வேன்.

கே: யார் பேரை வைக்கறதுன்னு சண்டை வராதா? (கோவை வாசகி)

சண்டையோ இல்லையோ, பேரை மாத்தியிருக்காங்க. முதல்ல சொன்ன அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கம் சர்வதேச உறவுகள் தீசிஸுக்கு ஹெலன் ட்வைட் ரீட் பேர்ல தந்துட்டு இருந்த பரிசு இப்போ மெர்ஸ் டேட் பரிசு. இந்த மெர்ஸ் டேட் அம்மா 1905ல மிச்சிகன்ல பொறந்த கறுப்பினப் பெண், 1935ல ஆக்ஸ்போர்டுல டிகிரி வாங்கினாங்க, 1941ல ஹார்வர்டோட சேர்ந்த ராட்க்ளிஃப்ல பிஎச்டி, அடுத்த வருஷமே ஆயுதக் குறைப்பைப் பத்தி புக்கு. 1950-51ல சாந்திநிகேதன்ல வந்து பாடம்கூட எடுத்திருக்காங்க! அவங்க தீசிஸ் எழுதின காலத்துல இந்த மாதிரி பரிசை அவங்க கையில யாராவது கொடுத்திருப்பாங்களான்னு எனக்கு டவுட்டுதான்.

கே: இந்தியாவுல ஒண்ணுமே இல்லையா? (திருச்சி வாசகர்)

உங்க ஊர்க்காரர் பேர்லயே இருக்கு சார்! 1929ல திருச்சில பொறந்த கே. சுப்ரமணியம், ஐஏஎஸ், டெல்லில இருக்கற ஐடிஎஸ்ஏங்கற பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ரெண்டு தடவை டைரக்டர், கார்கில் போரைப் பத்தி ஆராய்ஞ்ச கார்கில் ரெவ்யூ கமிட்டிக்குத் தலைவர், இப்போ வெளியுறவு அமைச்சரா இருக்கற ஜெய்சங்கரோட அப்பா. மேல சொன்ன ஸ்ரீநாத் ராகவன் 2011ல வாங்கினது இவர் பேர்ல இருக்கற விருதைத்தான். வேடிக்கை என்னன்னா 1999ல பத்ம பூஷண் கொடுத்தப்போ சுப்ரமணியம் வேணாம்னுட்டார், அதிகாரிங்களும் பத்திரிகைக்காரங்களும் அரசு விருது வாங்கக் கூடாதுங்கறது அவர் வாதம்.

கே: என் பொண்ணு இதுல பிஎச்டி பண்றா, எங்கேருந்து ஆரம்பிக்கலாம்? (நெல்லை வாசகர்)

தீசிஸ் முடியற வரைக்கும் காத்திருக்க வேணாம்னு சொல்லுங்க. ஐஎஸ்ஏ மாநாட்டுல மாணவர்கள் வாசிக்கற பாதுகாப்பு பேப்பர்ல நல்லதுக்கு பட்ரீஷியா வைட்ஸ்மன் பேர்ல பரிசு இருக்கு, ஒரு சேப்டரை பேப்பரா சுருக்கி அனுப்பலாம். ஃப்ளைட் டிக்கெட்டுக்கு யுனிவர்சிட்டில டிராவல் கிராண்ட் உண்டான்னு இப்பவே விசாரிச்சு வைங்க, விசா வேற லேட்டாகும்.