எஃப்/1.4-இல் படம் மங்குகிறதா? லென்ஸைக் குறை சொல்லும் முன்…

கேள்வி: என் டி.எஸ்.எல்.ஆர். கேமராவுக்குப் பழைய 50 மி.மீ. எஃப்/1.4 லென்ஸ் ஒன்றை வாங்கினேன். துளையைச் சுருக்கி எஃப்/4-இல் எடுத்தால் படங்கள் அருமையாக இருக்கின்றன. துளை முழுதாகத் திறக்கும் எஃப்/1.4-இல் மட்டும் முகங்கள் பனி படர்ந்தாற்போல் வருகின்றன. பிடிக்காவிட்டால் ஒரு வாரத்துக்குள் திருப்பித் தரலாம் என்கிறார் கடைக்காரர். தந்துவிடலாமா?

பதில்: பொறுங்கள். ஃபோகஸ் இடம் தவறி விழுந்தாலும் படம் இப்படித்தான் வரும். லென்ஸின் கண்ணாடியே மென்மையாக வரைந்தாலும் இப்படித்தான் வரும். எது என்று பிரித்தறியாமல் முடிவெடுக்க முடியாது.

முழு ஃப்ரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில், 1 மீட்டர் தொலைவில், எஃப்/1.4-இல் தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறக்குறைய 3 செ.மீ.தான். எதிரே இருப்பவர் சற்று முன்னால் சாய்ந்தாலே கண் அந்த எல்லையைத் தாண்டிவிடும். ஆகவே முகத்தை வைத்துச் சோதிக்காதீர்கள். செங்கல் சுவரும் வேண்டாம். கேமரா இம்மி கோணினாலும் நல்ல லென்ஸுக்குக் கெட்ட பெயர் வந்துவிடும்.

செய்தித்தாள் ஒன்றை அட்டையில் ஒட்டி, மேசைமேல் சாய்வாக நிறுத்துங்கள். கேமராவை முக்காலியில் ஏற்றி, ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்து, 2 விநாடி டைமரில் எடுங்கள். நடுவிலுள்ள ஒரு வரிக்கு முதலில் வியூஃபைண்டர் வழியாக ஆட்டோஃபோகஸ்; பிறகு லைவ் வியூவில் (பின்திரையில் காட்சியைப் பார்க்கும் முறையில்) 10 மடங்கு பெரிதாக்கி, கையால் ஃபோகஸ். இரண்டாவது படம் மட்டும் தெளிவாக இருந்தால் கண்ணாடி மீது பழியில்லை; ஆட்டோஃபோகஸ்தான் பிசகுகிறது. கேமராவில் ஆட்டோஃபோகஸ் நுண்திருத்த வசதி இருந்தால் அதிலேயே சரிசெய்துவிடலாம்.

எழுத்துகளின் விளிம்பையும் கவனியுங்கள். இவ்வகை லென்ஸ்களில் ஃபோகஸுக்கு முன்னால் இருப்பவை இளஞ்சிவப்பு ஓரத்தோடும், பின்னால் இருப்பவை பச்சை ஓரத்தோடும் தெரிவது வழக்கம். நீங்கள் குறிவைத்த வரியில் பச்சை படர்ந்திருந்தால் ஃபோகஸ் அதற்கு முன்னாலேயே விழுந்துவிட்டது என்று பொருள்.

லைவ் வியூவிலும் எழுத்தைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் இருக்கிறதா? அது பழுதன்று. பழைய 50 மி.மீ. வேக லென்ஸ்கள் (பெரிய துளை கொண்டவை) பெரும்பாலும் 1896-இல் பால் ருடால்ஃப் ஸைஸ் நிறுவனத்தில் உருவாக்கிய பிளானார் என்ற லென்ஸ் வடிவமைப்பின் வழிவந்தவை. துளை முழுதாகத் திறந்திருக்கும்போது, ஓரத்தில் நுழையும் ஒளியும் நடுவில் நுழையும் ஒளியும் ஒரே இடத்தில் குவிவதில்லை. எஃப்/2.8-க்கு வந்தால் ஓர ஒளி தடுக்கப்பட்டு, படம் தெளிந்துவிடும். முகப் படங்களுக்கு இந்த மென்மையை விரும்பி வாங்குகிறவர்களும் உண்டு; நானும் அந்தக் கட்சிதான்.

பெரிதாக்கிப் பார்ப்பதிலும் அளவு வேண்டும். 24 மெகாபிக்சல் படத்தைச் சாதாரணத் திரையில் 100 விழுக்காட்டில் பார்ப்பது, ஐந்தடி அகல அச்சை மூக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பதற்குச் சமம்.

உண்மையான பழுது ஒருபக்கமாகத் தெரியும். சில நூறு மீட்டர் தள்ளியிருக்கும் கட்டட வரிசையை எஃப்/1.4-இல் எடுங்கள், பிறகு கேமராவைத் தலைகீழாகப் பிடித்து அதே காட்சியை எடுங்கள். முதல் படத்தில் வலப்பக்கக் கட்டடமும் அடுத்ததில் இடப்பக்கக் கட்டடமும் மங்கினால், வேறு லென்ஸில் அப்படி நேராதபோது, உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி நிலை பிசகியிருக்கிறது. டார்ச் அடித்துப் பார்க்கையில் சிலந்தி வலை போன்ற பூஞ்சையோ, பால்போன்ற படலமோ தென்பட்டால் அதுவும் பழுதுதான். இவற்றில் எது இருந்தாலும் வாரம் முடியும்வரை காத்திராமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.