"எங்க வீட்டு உடம்பே இப்படித்தான் டாக்டர்"

உடல் பருமன் பற்றி வந்த கேள்விகளில் ஐந்துக்கு இங்கே பதில் சொல்கிறேன். எழுதியவர்களில் மூன்று பேர் 'எல்லாம் என் தப்புதான்' என்று நொந்திருக்கிறார்கள். அந்தப் பாரத்தை முதலில் இறக்கி வையுங்கள்.

அம்மா, பெரியம்மா, அக்கா எல்லோருமே பருமன். பரம்பரை என்றால் நான் நடந்து என்ன பயன்? (குடியாத்தம் வாசகி)

பரம்பரைக்குப் பங்கு உண்டும்மா. ஆளுக்கு ஆள் எடை வேறுபடுவதில் 40 முதல் 70 சதவீதம் வரை மரபணு சார்ந்தது என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அது ஒரே மரபணுவின் வேலை இல்லை. 2007இல் தெரியவந்த எஃப்.டி.ஓ. மரபணுதான் இவற்றில் பேர்போனது. அதன் பாதகமான வடிவம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தவர்களுக்கே சராசரியாக 3 கிலோதான் கூடுகிறது. இப்படி நூற்றுக்கணக்கானவை சேர்ந்து, பெரும்பாலும் மூளையில் பசியைத் தீர்மானிக்கும் இடத்தில் வேலை செய்கின்றன. ஒரே பந்தியில் ஒருவர் இலையை மடித்துவிடுவார், பக்கத்தில் இருப்பவருக்கு இன்னும் பசிக்கும். அது பேராசை இல்லை. உடலுழைப்பு உள்ளவர்களிடம் எஃப்.டி.ஓ.வின் தாக்கம் ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது. ஆகவே நடப்பதை விடாதீர்கள்.

ஒன்பது கிலோ குறைத்தேன். ஒன்றரை வருடத்தில் திரும்ப ஏறிவிட்டது. எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லையா? (ஆம்பூர், ஷூ கம்பெனி சூப்பர்வைசர்)

இந்தக் கேள்விக்காகத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன். எடை குறையும்போது கொழுப்பு செல்கள் சுருங்குகின்றனவே தவிர, எண்ணிக்கையில் குறைவதில்லை. 2008இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள்: வருடத்துக்குச் சுமார் 10 சதவீத செல்கள் இறக்கின்றன, அதே அளவு புதிதாகப் பிறக்கின்றன. எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்து இரண்டு வருடம் ஆனவர்களிடமும் எண்ணிக்கை அப்படியே இருந்தது.

அப்புறம், இந்த செல்கள் வெறும் மூட்டைகள் அல்ல. 'இருப்பு போதும்' என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. 1994இல் அமெரிக்க விஞ்ஞானி ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழு இதைக் கண்டுபிடித்தது. செல் சுருங்கினால் லெப்டினும் குறைகிறது. பஞ்சம் வந்துவிட்டது என்று மூளை எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டுகிறது, சக்திச் செலவைக் குறைக்கிறது. உங்களுக்கு நடந்தது இதுதான். அடுத்த முறை மெதுவாகக் குறையுங்கள். குறைத்த பிறகு அதைத் தக்கவைப்பதையும் சிகிச்சையாகவே நினைத்து, டாக்டரைத் தொடர்ந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை விடச் சொல்லமாட்டேன். ஒரு தட்டோடு நிறுத்துங்கள், கத்தரிக்காயைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

வயது 54, உயரம் 168 செ.மீ., எடை 64 கிலோ. கை கால் ஒல்லி, வயிறு மட்டும் 96 செ.மீ. இது பருமனா? (ராணிப்பேட்டை)

ஐயா, தராசு உங்களுக்குப் பொய் சொல்கிறது. நம்மவர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். உள்ளுறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, தோலடிக் கொழுப்பைவிட அதிகத் தொல்லை. வேலூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் 1969 முதல் 1973 வரை பிறந்தவர்களை, ஏறக்குறைய உங்கள் வயதுக்காரர்களை, பெரியவர்களாகும் வரை தொடர்ந்து கவனித்தார்கள். கைக்குழந்தையாக மெலிந்திருந்து, பிறகு வளரும் வயதில் அதிகம் சதை போட்டவர்களுக்குச் சர்க்கரைக் கோளாறு கூடுதலாக இருந்தது. இந்த வாரமே வெறும் வயிற்றில் சர்க்கரை பாருங்கள்.

குடல் பாக்டீரியா கேப்ஸ்யூல் வாங்கினால் எடை குறையுமா? (காட்பாடி, கல்லூரி மாணவர்)

காசை மிச்சம் பிடி தம்பி. 2013இல் ஓர் ஆய்வு வந்தது. ஒருவர் பருமன், இன்னொருவர் ஒல்லி என்றிருந்த இரட்டையரின் குடல் பாக்டீரியாவை, கிருமியே இல்லாமல் வளர்ந்த எலிகளுக்குக் கொடுத்தார்கள். பருமனானவருடையதைப் பெற்ற எலிகளுக்குக் கொழுப்பு கூடியது. ஆனால் ஒல்லியானவர்களின் குடல் பாக்டீரியாவை மனிதர்களுக்குச் செலுத்திப் பார்த்தபோது எடை குறிப்பிடும்படி குறையவில்லை.

பாக்டீரியாவுக்குத் தீனி நார்ச்சத்து. அதைப் புளிக்கவைத்து அவை உண்டாக்கும் கொழுப்பு அமிலங்கள், பசியடக்கும் ஹார்மோன்களைத் தூண்டுகின்றன. ஹாஸ்டல் பரோட்டாவில் அது கிடைக்காது. வீட்டுக்குப் போனால் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் கேள். உருண்டை ஒன்று போதும், கீரை அதிகமாக இருக்கட்டும்.

ஒன்பது வயதுப் பெண், 42 கிலோ. 'கொழுகொழுன்னு இருக்கட்டும்' என்கிறார் மாமியார். (ஆற்காடு)

கொழுப்பு செல்களின் எண்ணிக்கை பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலும் பதின்வயதிலும்தான் நிலைபெறுகிறது. அதனால் இப்போதே கவனிப்பது நல்லது. ஆனால் பட்டினி போடாதீர்கள். எடை ஏறாமல் நின்றாலே போதும், உயரம் வளர வளரச் சரியாகும். குளிர்பானம் வீட்டுக்குள் வர வேண்டாம், சாயங்காலம் தெருவில் விளையாடட்டும். உறவினர்கள் முன்னால் அவளை மெஷினில் ஏற்றி எடையைப் படிக்காதீர்கள்.