ரீச்சரிடம் கேளுங்கள்: "அது உண்மையான பட்டம்தானா?"

கேள்வி: மகள் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு எடுத்து, கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ் பல்கலைக்கழகத் தொழினுட்ப பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். உயிர்முறைமைகள் தொழினுட்பமாம். தகப்பன் இல்லாத பிள்ளை. "அது பட்டமில்லை, தொழிற்பயிற்சி. ஆர்ட்ஸ் படிச்சிருந்தால் ரீச்சராய் வந்திருப்பாள்" என்று அண்ணா சொல்கிறார். பிள்ளை வெளியில் தங்கி நிற்பதைப் பற்றியும் சனம் கதைக்குது. அனுப்பவா, விடவா?
— ஒரு தாய், புதுக்குடியிருப்பு

அனுப்புங்கோ தங்கச்சி. பதிவுத் திகதி பிந்த முதல் அனுப்புங்கோ.

அண்ணா சொல்வது பழைய கணக்கு. அவர் படித்த காலத்தில் கலை, வர்த்தகம், கணிதம், உயிரியல் என்ற வழிகள்தான் இருந்தன. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு வந்ததே 2013இல்தான். அப்படி வந்த பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் வேண்டுமென்றுதான் தொழினுட்ப பீடங்கள் திறந்தார்கள். உங்கள் மகளுக்குக் கிடைக்கப் போவது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நான்கு வருடச் சிறப்புப் பட்டம். மருத்துவம் படித்தவருக்கும் கலை படித்தவருக்கும் பட்டம் கொடுக்கிற அதே பல்கலைக்கழகம்தான் இவளுக்கும் கொடுக்கும்.

ஏன் இப்படி மாறினார்கள் என்பதையும் அண்ணாவுக்குச் சொல்லுங்கோ. 2017இல் வடக்கிலும் கிழக்கிலும் வேலையில்லாப் பட்டதாரிகள் கச்சேரி (மாவட்டச் செயலக) வாசல்களில் இரவு பகலாக இருந்தார்கள். அவர்களில் என்னிடம் படித்த பிள்ளைகளும் இருந்தார்கள். நன்றாகப் படித்த பிள்ளைகள். பட்டம் எடுத்தால் நியமனம் தானாக வரும் என்று அவர்களுக்குச் சொல்லி வளர்த்தது நாங்கள்தான், முழுச் சமூகமும்தான். அந்த எதிர்பார்ப்பை இனி அரசாங்கத்தால் தாங்க ஏலாது. பீடங்கள் பாடங்களை மாற்றுவதும், மாணவரை வேலைத்தளப் பயிற்சிக்கு அனுப்புவதும் இதனால்தான். கலைப்பட்டம் கூடாது என்று நான் சொல்லவில்லை. நல்ல தமிழாசிரியர் இல்லாமல் எந்தத் தொழினுட்பமும் வளராது. ஆனால் ஆசிரிய நியமனத்தை மட்டும் நம்பி ஒரு பிள்ளையை அதற்குள் தள்ளுவது சரியில்லை.

உங்கள் மகள் படிக்கப் போவது பயிர், நீர்ப்பாசனம், அறுவடைக்குப் பின் விளைச்சலைப் பழுதாகாமல் காப்பது, உணவு பதனிடுவது. இதெல்லாம் வேறொரு தேசத்துச் சங்கதியா? உங்கள் பக்கத்துக் கச்சானும் நெல்லும் மீனும்தான். கச்சானை மூட்டையில் கட்டி வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, அதையே பொதி செய்து கொழும்பிலிருந்து வரும்போது நாங்கள் கடையில் வாங்குகிறோம். இந்த இடைவெளியில் வேலை செய்ய ஆள் வேண்டும். என்னிடம் படித்த ஒரு பிள்ளை இந்தப் படிப்பை முடித்து, இப்போது பழம் பதனிடும் இடமொன்றில் தரம் பார்க்கிறாள். தாய்க்கு வீடு கட்டிக் கொடுத்தது அவள்தான்.

தங்குவது பற்றி: விடுதிக்கு விண்ணப்பிக்கும்போது தூரத்தையும் குடும்ப வருமானத்தையும் மறைக்காமல் எழுதுங்கோ. கிராம சேவையாளரிடம் வருமானச் சான்றிதழை இப்பவே எடுத்து வையுங்கோ. மஹாபொல புலமைப்பரிசிலுக்கும் அதுதான் வேண்டும். பகிடிவதைக்குப் பயம் என்றால், 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது சிறைக்குப் போகிற குற்றம். பிள்ளை வாய் திறந்து சொல்ல வேண்டும், நீங்கள் அவள் சொல்வதை நம்ப வேண்டும். படிப்பு ஆங்கிலத்தில் நடக்கும். அதுதான் முதல் வருடத்தில் எங்கட பிள்ளைகளை அழ வைக்கிறது. தொடங்க முதல் இருக்கிற மாதங்களில் தினமும் ஆங்கிலம் வாசிக்கச் சொல்லுங்கோ.

கதைக்கிற சனம் அவளுக்குக் கட்டணம் கட்டப் போவதில்லை. ஒருநாள் நீங்களே பரந்தன் பஸ் ஏறி, அங்கிருந்து மாறி, அறிவியல் நகரில் இறங்கிப் பீடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கோ. அண்ணாவையும் கூட்டிப் போங்கோ.

கேள்வி: ரெண்டாந்தரமும் சோதனை எடுத்துவிட்டேன். பொறியியலுக்கு இசட் புள்ளி (பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கும் புள்ளி) காணாது. ஜேர்மன் பயிற்சி நிறுவனத்துக்குப் போக விருப்பம். மூன்றாந்தரமும் எடு என்று அப்பா நிற்கிறார்.
— கண்டாவளை மாணவன்

தம்பி, கிளிநொச்சி உட்பட வன்னியின் நான்கு மாவட்டங்களும் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கின்றன. அதற்கென 5 வீத இடம் தனியாக உண்டு, மாவட்ட அடிப்படையில் 55 வீதம். அப்பா நம்பிக்கை வைப்பதில் நியாயம் இருக்கிறது. போன வருட வெட்டுப்புள்ளியையும் உன் புள்ளியையும் பக்கத்தில் வைத்துப் பார். வித்தியாசம் சொற்பமென்றால் மூன்றாந்தரம் எடு. பெரிதென்றால் இன்னொரு வருடத்தை வீணாக்காதே.

அறிவியல் நகரில் 2016இல் திறந்த அந்த நிறுவனத்தில் வாகனம், மின், கட்டடம், உணவு என்று பல துறைகள் இருக்கின்றன. என்.வி.கியூ (தேசிய தொழில் தகைமை) என்றால் மேசன் வேலை என்று அப்பா நினைக்கக்கூடும். அதில் ஏழு மட்டங்கள் உண்டு. ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்குச் சமம். அந்த வழியால் ஏறிப் பட்டம் எடுக்கலாம். ஏழு மட்டங்களையும் ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கொடு. வாதாட வேண்டாம்.

கேள்வி: வவுனியாவில் பல்கலைக்கழகம் வந்ததால் எங்களைப் போன்ற கமக்காரருக்கு என்ன பலன்?
— ஒரு கமக்காரர், செட்டிகுளம்

ஐயா, உங்கள் கேள்வி என்னுடைய கேள்வியும்தான்.

1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் வளாகமாகி, 2021 ஓகஸ்ட் முதலாம் திகதி தனிப் பல்கலைக்கழகமானது. குண்டுச் சத்தத்துக்குள்ளும் வகுப்பு நடத்தி வளர்த்த இடம் அது. கிளிநொச்சியில் 1990இல் தொடங்கிய விவசாய பீடமும் அப்படித்தான். போரால் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்து, போர் முடிந்த பிறகு திரும்பி வந்தது. இந்த மண்ணோடு சேர்ந்து அலைந்த நிறுவனங்களிடம் எங்களுக்கு உரிமையோடு கேட்க முடியும்.

ஆனால் நாங்கள் கேட்கிறோமா? மதிலுக்கு அந்தப் பக்கம் ஆய்வுகூடம் இருக்கிறது. இந்தப் பக்கம், கிணற்றுத் தண்ணீரைக் குடித்தால் சிறுநீரக நோய் வருமோ என்று பயந்துகொண்டு நீங்கள் இருக்கிறீர்கள். மாணவர்கள் கடைசி வருடத்தில் ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறார்கள். உங்கள் கிணறும் உங்கள் வயல் மண்ணும் குளத்து வாய்க்காலும் தலைப்பாக வரட்டும். விரிவுரையாளர்களுக்கும் சொல்கிறேன்: முடிவுகளை ஆங்கிலச் சஞ்சிகையில் போடுங்கள், நல்லது. பிறகு அதைக் கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் தமிழில் வந்து சொல்லுங்கள். தண்ணீர் தந்தவருக்கு அது தெரிய வேண்டும்.

உங்கள் அமைப்பின் கடிதத் தலைப்பில், செயலாளரின் கையெழுத்தோடு, பம்பைமடுவில் உள்ள பிரயோக விஞ்ஞான பீடத்தின் பீடாதிபதிக்கு எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். எத்தனை கிணறு, எந்தக் கிராமம், என்ன சந்தேகம் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பதில் வந்தால் ஒரு பிரதி எனக்கும் அனுப்புங்கள், இந்தப் பக்கத்தில் போடுகிறேன். வராவிட்டாலும் எழுதுங்கள், அதையும் போடுவேன்.