பேச்சுத்திறனும் குருத்துவமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் பெரம்பூரில் வசிக்கிறேன். என் மகன் இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்தான். பள்ளியில் எந்தப் பேச்சுப் போட்டி நடந்தாலும் முதல் பரிசு அவனுக்குத்தான். இப்போது கத்தோலிக்கக் குருவாகப் பயிற்சி பெறக் குருமடத்தில் சேரப் போவதாகச் சொல்கிறான். உறவினர்கள் எல்லாரும் “இவன் சாமியாரானால் பெரிய பிரசங்கியாக வருவான்” என்று மகிழ்கிறார்கள். எனக்கு அங்கேதான் பயம் வருகிறது. பெருங்கூட்டங்களில் பேசும் குருக்களின் காணொளிகளையே அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். இது இறையழைத்தலா, மேடை ஆசையா என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. என் மாமியார் இரண்டு ஆண்டுகளாகப் படுத்த படுக்கையாக இருக்கிறார். சொன்ன கதையையே நாள் முழுவதும் சொல்வார். அதை அலுக்காமல் கேட்பவன் இவன் ஒருவன்தான். இவன் போய்விட்டால் அவருக்கு யார் துணை என்ற கவலையும் உண்டு. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பெயர் வேண்டாம், பெரம்பூர்

அன்புள்ள அம்மா,

உங்கள் பயம் நியாயமானது. அதைச் சந்தேகம் என்று எண்ணி வருந்த வேண்டாம். நான் ராயப்பரின் பெயரால் அமைந்த ராயபுரத்தில் பிறந்து, பூசைக்கு உதவும் பீடச் சிறுவனாக வளர்ந்தவன். இதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அருகிலிருந்து பார்த்ததுதான்.

எனக்குப் பதினான்கு வயதிருக்கும்போது, ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் பங்குத்தந்தை என்னைக் கூட்டிக்கொண்டு காசிமேட்டுச் சந்து ஒன்றிலிருந்த வீட்டுக்குப் போனார். ஒரு முதியவருக்கு நோயில்பூசுதல், அதாவது நோயாளிக்கு எண்ணெய் பூசி மன்றாடும் சடங்கு. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதை அவஸ்தை பூசுதல் என்பார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் குனிந்து உள்ளே போனவர், பாயில் கிடந்த அந்த மனிதரின் பக்கத்தில் தரையில் அமர்ந்து, தம் காதை அவர் வாயருகே கொண்டுபோனார். பிறகு நிமிர்ந்து எங்கள் எல்லாரையும் வெளியே இருக்கச் சொன்னார். அரை மணி நேரம் சந்தில் நின்றோம். மீண்டும் அழைத்தபோது அவர் சிறிய உலோகச் சிமிழைத் திறந்து, நோயாளியின் நெற்றியிலும் இரண்டு உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசினார். பின்னர் தம் கட்டைவிரலைப் பஞ்சால் துடைத்து, அந்தப் பஞ்சைக் கீழே போடாமல் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். திரும்பும் வழியில் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மறுநாள் ஞாயிறு நற்செய்தி, காணாமற்போன மகனின் உவமை. அவர் ஐந்து நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டார். மகன் தொலைவில் வரும்போதே தந்தை அவனைக் கண்டுகொண்டார் என்ற ஒரே வரியை எடுத்துக்கொண்டு, அப்படிக் காண வேண்டுமென்றால் அந்தத் தந்தை எத்தனை நாள் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். முந்தின இரவு அந்த முதியவர் அவரிடம் என்ன சொன்னார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. பங்குத்தந்தை அதைச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது.

இதைத்தான் உங்கள் மகன் பார்க்கும் காணொளிகள் காட்டுவதில்லை. ஒருவர் தம் பாவங்களைக் குருவிடம் அறிக்கையிடும் ஒப்புரவு அருள்சாதனத்தில், நாம் பழகிய சொல்லில் பாவசங்கீர்த்தனத்தில், குரு தாம் கேட்டதை எந்தக் காரணத்துக்காகவும் வெளியிடக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். நேரடியாக மீறும் குரு அந்தக் கணமே திருச்சபையிலிருந்து விலக்கப்படுகிறார். இன்னும் நுட்பமான விதி ஒன்று உண்டு: இரகசியம் வெளிப்படும் ஆபத்தே இல்லாவிட்டாலும், பாவத்தை அறிக்கையிட்டவரைப் பாதிக்கும் விதத்தில் அந்த அறிவைப் பயன்படுத்தக் கூடாது. பூசையில் பிரசங்கம் செய்யும் ஒரு மறையுரையாளருக்கு இது எவ்வளவு பெரிய பாரம் என்று எண்ணிப்பாருங்கள். எதிரே அமர்ந்திருப்பவர்களில் பலருடைய துயரம் அவருக்குத் தெரியும். மேடைப் பேச்சாளனுக்குக் கிடைக்காத பெருஞ்செல்வம் அவர் நெஞ்சில் இருக்கிறது. அதில் ஒரு காசைக்கூட அவர் எடுத்துச் செலவிட முடியாது. ‘என்னைத்தான் குத்திச் சொல்கிறார்’ என்று யாருக்கும் தோன்றாமலும், ஒவ்வொருவருக்கும் தமக்கே சொன்னதாகத் தோன்றும்படியும் அவர் பேச வேண்டும். பேச்சுப் போட்டிகளில் இதற்குப் பயிற்சி இல்லை.

அதனால் பேச்சுத்திறன் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வருவதால், அதே மக்களிடம் அதே பகுதியை மறுபடியும் விளக்க வேண்டிய நிலை குருவுக்கு வரும். மொழி வறண்டவர் அங்கே தவித்துப்போவார். மறையுரை எட்டு நிமிடங்களைத் தாண்டக் கூடாது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சொன்னார். எட்டு நிமிடத்தில் சொல்லி முடிக்க, ஒரு மணி நேரம் பேசுவதைவிட அதிக உழைப்பு தேவை.

மெரினாவில் சிலையாக நிற்கும் வீரமாமுனிவரை எண்ணிக்கொள்கிறேன். இத்தாலியில் 1680இல் பிறந்து இங்கே வந்த அந்த இயேசு சபைத் துறவி, தேம்பாவணி என்ற காப்பியத்தைப் பாடியவர். அவரே மக்கள் பேசும் கொடுந்தமிழுக்கும் இலத்தீனில் இலக்கணம் எழுதினார். 1732இல் சதுரகராதியையும் தொகுத்தார். செந்தமிழில் காப்பியம் பாடத் தெரிந்தவர், கடைத்தெருவில் மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று காதுகொடுத்துக் கேட்டிருக்கிறார். அவருக்கு முன்னே 1606இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் என்ற இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நோபிலியும் இங்குள்ளவர்களிடம் மாணவராக அமர்ந்து தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றார். முதுமையில் பார்வை மங்கி, நம் மயிலாப்பூரில்தான் 1656இல் அவர் உயிர் பிரிந்தது.

குருமடப் பயிற்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பூந்தமல்லி இருதய குருமடமாகட்டும், வேறு எதுவாகட்டும், மெய்யியலுக்கும் இறையியலுக்குமே குறைந்தது ஆறு ஆண்டுகள் வேண்டும். இருபத்தைந்து வயது நிறையாமல் பொதுவாகக் குருப்பட்டம் இல்லை. தொடக்கப் பயிற்சி, களப்பணி எல்லாம் சேர்ந்தால் பெரும்பாலும் பத்தாண்டுகளை எட்டிவிடும். அந்த ஆண்டுகள், அழைத்தல் உண்மைதானா என்று அவனும் திருச்சபையும் தேர்ந்து தெளிவதற்காகவே இருக்கின்றன. ஆகவே இன்றே நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. இடையில் அவன் திரும்பி வந்தால் “சாமியாருக்குப் படிக்கப் போய் ஓடிவந்தவன்” என்று ஊர் பேசும். அந்தப் பேச்சு உங்கள் வீட்டு வாசலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு அஞ்சியே திரும்ப மனமில்லாமல் தங்கிப்போன சிலரை நான் அறிவேன். அவர்களுடைய துயரத்தைப் பார்த்திருப்பதால் இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள் கேள்விக்கான விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நீங்கள் அதைக் கவலையாக எழுதிவிட்டீர்கள். இரண்டு ஆண்டுகளாகச் சொன்ன கதையையே சொல்லும் பாட்டியின் அருகில் அலுக்காமல் அமர்ந்திருக்கிறான் என்றீர்களே, அம்மா. அங்கே கைதட்டலும் இல்லை, பரிசும் இல்லை. அவன் வாங்கிய எல்லாக் கோப்பைகளையும்விட எனக்கு நம்பிக்கை தருவது அதுதான்.

பாட்டிக்கு அவன் இல்லாதது பெரிய இழப்புதான். அதை மறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. குருமாணவர்களுக்கு விடுமுறை உண்டு. அதுவரை உங்கள் அன்பியத்தில், அதாவது பங்கிலுள்ள அக்கம்பக்கக் குடும்பங்களின் குழுவில், யாராவது மாலையில் வந்து அவர் பக்கத்தில் அமர முடியுமா என்று கேட்டுப்பாருங்கள். குருமடத்தில் சேரப் பங்குத்தந்தையின் பரிந்துரைக் கடிதம் வேண்டியிருக்கும். அதை வாங்கப் போகும்போது, பேச்சுப் போட்டிச் சான்றிதழ்களை எடுத்துப் போகாவிட்டாலும், பாட்டியின் செய்தியை மறக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.